பாதுக்கைச் சேற்றில் கைகொடுத்தவர்களுக்கு

அன்பானவர்களே,

போன மாதம் பாதுக்கைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் நடந்த சைக்ளோகுரொஸ் போட்டியில் நானும் ஓடினேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெண்கள் பிரிவில் கடைசிக்கு முந்தின இடம். வென்ற பிள்ளை இரண்டு வார்த்தையில் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். எனக்கு அது போதாது, அதனால் எழுதுகிறேன்.

இது என்ன போட்டி என்று இன்னும் கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம். புல், மணல், சேறு, மேடு எல்லாம் உள்ள ஒரு சின்னச் சுற்றைச் சைக்கிளில் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். சைக்கிள் போகாத இடத்தில் இறங்கி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏற வேண்டும். போதாததற்குக் குறுக்கே பலகையும் வைப்பார்கள். சர்வதேச விதிப்படி அது 40 சென்றிமீற்றருக்கு மேல் உயரக்கூடாது. தானியேல் கூசோ என்ற பிரெஞ்சுப் படைவீரர் 1902இல் பிரான்சின் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். உலகப் போட்டி 1950இல் பாரிஸில் தொடங்கியது. பெண்களுக்கான உலகப் போட்டி வர 2000ஆம் ஆண்டு ஆகிவிட்டது. அங்கே இது குளிர்காலத்து விளையாட்டு. நமக்குக் குளிர் இல்லை, ஐப்பசி மழை இருக்கிறது. சேற்றுக்கு அது தாராளம்.

முதல் நன்றி சைக்கிள் திருத்துகிற தெமட்டகொடை நானாவுக்கு. நான் ஓடியது அண்ணாவின் பழைய ஜப்பான் சைக்கிள். 2022இல் பெற்றோல் வரிசைகள் வீதி வீதியாக நீண்டபோது அவர் வாங்கியது. அவர் கனடா போனபிறகு வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் உடுப்புக் காயப்போடத்தான் உதவியது. அதைக் கொண்டுபோய் வைத்து, "நானா, இதைச் சேற்றில் ஓடப் போகிறேன்" என்றேன். சிரிக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்ல ஜாதி தங்கச்சி, இதுக்குச் சேறு போகும்" என்றார். அவர் சொன்னது சரிதான். சாதாரண ரோட் சைக்கிளின் பிரேக் டயரோடு ஒட்டி இருக்கும், சேறு அப்பினால் சில்லு சுற்றாது. இதில் பிரேக் கைகள் இரண்டும் பக்கவாட்டில் விலகி நிற்பதால் இடைவெளி உண்டு. மட்கார்ட்டைக் கழற்றினார். முன்பக்கம் இருந்த இரண்டு பற்சில்லில் ஒன்றை எடுத்தார். சைக்கிளின் நடுப் பாரின் அடியில் போன பின்பிரேக் கேபிளை மேல்பக்கமாக மாற்றினார். தூக்கும்போது கைக்கும் தோளுக்கும் இடையில் அது சிக்குமாம். சைக்ளோகுரொஸ் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்ட மனிதர், பெல்ஜியத்து மெக்கானிக்குகள் பல காலமாகச் செய்துவந்ததைத் தன் யோசனையிலேயே செய்தார். டயருக்குக் கடைசியாகச் சொன்ன புத்திமதி: "காத்து நெறைய அடிக்காதீங்க, சேத்துல வழுக்கும்." கூலி எவ்வளவு என்றதற்கு, போட்டி முடிந்து வரும்போது பேசலாம் என்றார். இன்னும் பேசவில்லை.

தலவத்துகொடைத் தோழிக்கு அடுத்தது. செங்கல்லின்மேல் பீவிசி குழாய் வைத்து, திடலில் எனக்கு இறங்கவும் ஏறவும் பழக்கியவள் அவள். வலக்காலைப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் கொண்டுவந்து, சைக்கிள் நிற்குமுன் கால் நிலத்தில் ஓடத் தொடங்கிவிட வேண்டும். பார்க்கச் சுகம். ஏறுவது அதைவிட மோசம்: ஓடியபடியே பாய்ந்து, தொடையின் உட்பக்கம் சீற்றில் விழ வேண்டும். வேறெங்கும் விழுந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. அவள் சிங்களத்தில் கத்த நான் தமிழில் கத்த, திடலில் கிரிக்கெட் விளையாடிய பொடியன்கள் இரண்டு மொழியிலும் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களுக்கும் நன்றி, பாதி நன்றி.

எங்களோடு ஓடிய டொக்டர் அக்கா வட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக எல்லோரையும் அரித்தார். தோட்டத்துத் தேங்கிய நீர், ஐப்பசி மழை, முழங்காலில் சிராய்ப்பு, மூன்றும் சேர்ந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். வயலில் இறங்குகிற விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் கொடுக்கிற டொக்சிசைக்ளின் என்ற தடுப்பு மாத்திரை பற்றி விளக்கி, யார் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். காலில் திறந்த புண்ணோடு வந்த ஒருவரைத் தொடக்கக் கோட்டில் வைத்தே திருப்பி அனுப்பினார். அவர் முகம் கறுத்துப்போனது. எனக்கு டொக்டர் அக்காமேல் மரியாதை கூடியது.

அம்மா புட்டும் சம்பலும் கட்டித் தந்தார். மேல்மாடி அன்ரி, "சேத்துக்க விழுறதுக்குக் காசும் குடுக்க வேணுமோ?" என்று கேட்டுவிட்டு, ஒரு பழைய துவாய்க் கட்டைத் தந்தார். அந்தத் துவாய்கள் இல்லாவிட்டால் பட்டா லொறிக்காரர் திரும்பி வரும்போது எங்களை ஏற்றியிருக்க மாட்டார். ஏற்றிய அவருக்கும் நன்றி.

இனித் தோட்டத்து மக்களுக்கு. இந்தக் கடிதமே முக்கால்வாசி அவர்களுக்காகத்தான்.

முதல் நாள் இரவு முழுக்க மழை. எங்கள் குழுவில் "சூப்பர் சேறு" என்று படம் போட்டுக் கொண்டாடினோம். காலையில் போய் இறங்கியபோது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மரப்பட்டை நனைந்தால் றப்பர்ப் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. எங்களுக்கு நல்ல சேறாக இருந்தது அவர்களுக்குப் போன நாள். அப்படியிருந்தும் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றியவர்கள் அவர்கள்தான், கருப்பட்டித் துண்டோடு.

அந்தச் சுற்றில் ஓரிடத்தில் றப்பர் மரங்களுக்கு நடுவே படிபோல வெட்டிய சரிவு ஒன்று. சைக்கிளைத் தோளில் போட்டுத்தான் ஏற வேண்டும். முதல் சுற்றிலேயே சைக்கிள் பார் தோள் எலும்பில் இறங்கிவிட்டது. மூன்றாவது தரம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவதை மேலே நின்ற அம்மா ஒருவர் பார்த்தார். "நில்லு புள்ள" என்று கையைப் பிடித்து நிறுத்தி, தலைத்துண்டை உருவிச் சும்மாடாகச் சுற்றி, என் சட்டைக்குள் தோளில் திணித்தார். பால் வாளி சுமந்த தலைக்குத் தெரிந்த வைத்தியம். இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும். அதற்குப் பிறகு அந்தச் சரிவில் எனக்கு வலிக்கவில்லை.

அடுத்த சுற்றில் பின் கியருக்குள் சேறும் இலையும் ஏறி செயின் இறுகிவிட்டது. பெரிய போட்டிகளில் வீரர்களுக்கு இரண்டு மூன்று சைக்கிள் இருக்கும். ஒன்றை ஓடும்போது மற்றதைக் குழுவினர் கழுவி வைத்திருப்பார்கள், அதற்கென்று சுற்றில் தனியிடம் உண்டு. எங்களுக்கும் கயிறு கட்டி அப்படி ஓரிடம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே என்னிடம் இருந்தது ஒரு வாளி மட்டும். முழிசிக்கொண்டு நின்றபோது, "அக்கா, இத எடுங்க" என்று லயத்துத் தம்பி ஒருவன் தன் லுமாலா சைக்கிளை நீட்டினான். கரியர், மணி, மட்கார்ட் எல்லாம் உள்ள முழு லுமாலா. ஏற்பாட்டாளர்களைப் பார்த்தேன். எந்தச் சைக்கிளும் வரலாம் என்று அறிவித்தவர்கள் அவர்கள்தானே, தலையாட்டினார்கள். ஒரு சுற்று முழுவதும் மணியடித்துக்கொண்டு ஓடினேன். அந்தச் சுற்றில்தான் எனக்கு அதிகக் கைதட்டல். சேறு மட்கார்ட்டில் நிறைந்து சில்லைப் பிடித்தபோது பலகைத் தடையைப் பாய முயன்றதில் மட்கார்ட் வளைந்தது, சரி, தம்பி அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தான். அதற்குள் தலவத்துகொடைக்காரியும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் என் சைக்கிளைத் தண்ணீர்ப் பீலியடிக்குத் தூக்கிப்போய்க் கழுவி, செயினை எடுத்துவிட்டிருந்தார்கள்.

வளைவில் நின்று உப்புத்தூள் போட்ட அன்னாசித் துண்டை வாய்க்கே நேராக நீட்டியவர் யாரென்று தெரியவில்லை. முகத்தில் சேறு மூடியிருந்தது, எனக்கும் அவருக்கும். நன்றி ஐயா, அல்லது அம்மா.

ஏற்பாடு செய்தவர்களுக்கு ஒன்று. உலகக் கிண்ணப் போட்டிகளில் முதலிடத்தில் ஓடுபவர் சுற்றி வந்து நெருங்கிவிட்டால் கடைசியில் உள்ளவரை வெளியே எடுத்துவிடுவார்கள். நீங்கள் என்னை எடுக்கவில்லை. கடைசிச் சுற்று மணியை எனக்கும் அடித்தீர்கள். ரோட் போட்டி என்றால் பொலிஸ் வேண்டும், வீதியை மறிக்க வேண்டும். இதற்கு மனம் உள்ள ஒரு தோட்டக்காரரும் கயிறும் போதும் என்று காட்டிவிட்டீர்கள். அடுத்த முறை நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, மழையால் வேலையில்லாமல் போகிற வீடுகளுக்குப் போகட்டும் என்று கேட்கிறேன். நன்றிக் கடிதத்தில் கோரிக்கை வைக்கலாமா தெரியாது, வைத்துவிட்டேன்.

லுமாலா தம்பிக்கு: உன் மட்கார்ட்டுக்குப் பதில் புதுசு ஒன்று நானாவிடம் தயார், பிரேக் கட்டையும் சேர்த்துத் தந்திருக்கிறார். வருகிற ஞாயிறு காலை கொண்டுவருகிறேன், வீட்டில் இரு. சும்மாடு தந்த அம்மாவிடம் துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடு. சேற்றுக் கறை மட்டும் போகவில்லை.

அன்புடன்,
வெள்ளவத்தைச் சைக்கிள்காரி