ஹில்குரோவில் தண்ணீர் ஒழுகட்டும்

குன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிரபுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ, சுதா, குட்டி மூவரும் சௌக்கியமா? ஐப்பசி மழை இந்தத் தடவை விடாமல் பிடித்துக்கொண்டது. வழக்கம்போலக் கல்லாறுக்கு மேலே மண் சரிந்து மலை ரயிலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேலை இல்லாத அப்பாவுக்கு அந்த வண்டிச் சத்தமும் இல்லையென்றால் பொழுது போகாது. அதனால் நீ பலகை மேல் கட்டியிருக்கும் ஹில்குரோவ் ஸ்டேஷன் மாடல் ரயிலின் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குடா" என்று போனில் சொன்னேன். சுதா பக்கத்தில் இருந்தாள், அத்தோடு விட்டேன். மீதியைக் கடிதத்தில் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ கட்டியிருப்பது அழகாக இருக்கிறது. ஆனால் அது ஹில்குரோவ் இல்லை. ஸ்டேஷனைச் சுற்றி ஆறு வீடு, ஒரு சர்ச், ஒரு கடைத்தெரு, பின்னால் ஊசியிலை மரக்கூட்டம். அந்த வீடுகள் ஃபாலர் கம்பெனியின் மாடல் வீட்டுப் பெட்டியில் வந்தவை என்று கூரையைப் பார்த்தாலே தெரிகிறது. பனி சறுக்கி விழுவதற்குச் சரித்த கூரை அது. ஹில்குரோவில் யாருக்காகடா சர்ச்? அங்கே ஊரே கிடையாதே. காட்டுக்கு நடுவில் ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், அதற்காகத்தான் வண்டி அங்கே நிற்கிறது. வண்டி நிற்பதால் டீ, வடை. வடை இருப்பதால் குரங்கு. இந்த வரிசையில் யோசித்து வை. நாளைக்குக் குட்டி விவரம் தெரிந்து, "ரயில் ஏன் இங்க நிக்குது?" என்று கேட்டால் நீ வாய் திறக்கக் கூடாது, பலகையைப் பார்த்து அவளே சொல்ல வேண்டும்.

மரத்தை முதலில் மாற்று. ஊசியிலை மரம் ஊட்டிப் பக்கம் போனால் உண்டு, இங்கே கீழே கிடையாது. கல்லாறில் பாக்குத்தோப்பு, அதற்கு மேலே அடர்ந்த காடு. தேயிலைச் சரிவெல்லாம் இன்னும் மேலே ரன்னிமேடு ஸ்டேஷன் பக்கம் வந்தால்தான் கண்ணில் படும். நீ ஸ்டேஷன் பின்னாலேயே தேயிலை நட்டிருக்கிறாய். ஆசையாக இருக்கும், தெரிகிறது. ஆனாலும் பிடுங்கு. பழைய ஒயரை உரித்து உள்ளே இருக்கும் செப்புக் கம்பியை முறுக்கினால் நல்ல காட்டு மரம் வரும். அடியில் முறுக்கை விட்டு வேராக விரி, மேலே கிளை கிளையாகப் பிரி. எல்லா மரத்தையும் ஒரே உயரத்துக்குச் செய்துவிடாதே. இலைக்கு ஒரே பச்சை வேண்டாம், மூன்று நான்கு பச்சையாவது கலந்து தூவு. மழைக்காட்டில் மஞ்சள், பழுப்பு, ஏன் சிவப்புத் தளிர்கூட இருக்கும்.

இனி அப்பா சொல்லச் சொன்னவை. எஞ்சினை வண்டிக்கு மேல் பக்கம் மாட்டி இழுக்க விட்டிருக்கிறாய். பார்த்ததும் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. இத்தனை வருஷம் பிரேக்ஸ்மேனாக நின்றவர் பெற்ற பிள்ளை இப்படிச் செய்யலாமா என்கிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும்போது எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம், தள்ளிக்கொண்டு வரும். தள்ளினால் வளைவில் பெட்டி தடம் புரள்கிறது என்று நீ சொன்னாய். பெட்டி காற்றாக இருந்தால் புரளாமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் 1935லிருந்து ஒரு சங்கம் இருக்கிறதே, மாடல் ரயில்காரர்கள் சங்கம், அவர்கள் எடைக்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள் என்று நீதானே அப்பாவிடம் சொன்னாய்: உன் அளவில், அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்கில், பெட்டிக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், பிறகு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டி என்றால் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். தரைக்கு அடியில் ஈயத் துண்டு வைத்து ஒட்டு. கூரையில் ஒட்டினால் கவிழும்.

ஏற்றமும் போதாதாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் 12.5 அடி போனால் 1 அடி ஏறும். உன் எட்டடிப் பலகையில் ஸ்டேஷனுக்கு மூன்றடி சமதளம் விட்டால், மிச்சம் ஐந்தடியில் கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் ஏற வேண்டும். எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுகிற பல்சட்டம் போட்டிருக்கிறாய் அல்லவா, பிறகு என்ன பயம்? அந்த நிஜமான ஏற்றத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நடுவில் பல்சட்டம் எதற்கு என்று புரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மீட்டர் கேஜை, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள 1 மீட்டரை, 87ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர் வரும், ஆனால் கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர் பாதைதான், அந்த அரை மில்லியை யாரும் கண்டுகொள்வதில்லை என்றாயே. அவர் உடனே பென்சில் எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். நிஜத்தில் 44 மில்லிமீட்டர் அகலம் கூடுதல்! "எங்க காலத்துல இப்படிப் பாதை போட்டிருந்தா மொத்த கேங்குக்கும் மெமோதான்" என்றார். அதற்காக நீ பாதையைப் பிடுங்க வேண்டாம். அது சிரிப்பதற்குச் சொன்னது.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன், தண்ணீர்.

தண்ணீர்க் குழாயைப் பளபளவென்று நிறுத்தியிருக்கிறாய், கீழே பச்சைப் புல். தினமும் தண்ணீர் பிடிக்கிற இடம் அப்படியா இருக்கும்? குழாயின் மூட்டில் ஒழுகும். ஒழுகின இடத்தில் இரும்பில் துருக்கோடு இறங்கும். அடிக்கல்லில் பாசி. நிரம்பி வழிந்த தண்ணீர் ஜல்லியில் இறங்கி அந்த இடம் மட்டும் எப்போதும் கறுத்துக் கிடக்கும். எஞ்சின் நிற்கும் இடத்தில் தண்டவாளத்துக்கு நடுவே எண்ணெய்க் கறை, கரித்தூள், சாம்பல். ஸ்டேஷனின் மற்ற பகுதியில் அவ்வளவு அழுக்கு இருக்காது. அழுக்கைப் பலகை முழுக்க அடித்துவிட்டால் அதுவும் பொய்தான். எங்கே எது ஒழுகும், எங்கே எது உரசும், யார் எங்கே மிதிப்பார்கள் என்று பார்த்துப் போடு. கலிஃபோர்னியாவில் ஜான் ஆலன் என்று ஒருவர் கடையில் வாங்கின புதுப் பெட்டிகளை மெனக்கெட்டுப் பழசாக்கிக் காட்டியவராம், நீ ஒரு தடவை அவர் படத்தைக் காட்டினாய். அதில் என் கண் போனது இந்த இடங்களுக்குத்தான்.

துருவுக்குக் கடைப் பெயின்ட் தேட வேண்டாம். கோலத்துக்கு வாங்குகிற காவியைப் பொடியாகவே எடு, மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வை, அதிகமானதை ஊதி விடு. தண்டவாளத்தின் பக்கவாட்டில் மட்டும் துரு, சக்கரம் ஓடுகிற மேல்பரப்பைத் துணியால் துடைத்து வெள்ளியாக விடு. பாசிக்குப் பச்சை வண்ணத்தில் ஒரு துளி கறுப்பு விட்டு, நிறைய தண்ணீரில் கரைத்து, கல் இடுக்கில் ஓட விடு. தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்குமே, அவற்றுக்குக் கீழேயும் அதே மாதிரி.

ஜல்லி விஷயம். எம்-சாண்ட் கிடைத்தால் டீ வடிகட்டியில் சலித்து எடுத்துக்கொள், கல் நிறம் அசலாக வரும். ஆனால் பாதையில் கொட்டுவதற்கு முன்னால் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதற்குள் ஒரு தடவை ஓட்டு. இரும்புத்தூள் இருந்தால் எஞ்சின் மோட்டார் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பரப்பினபின் தண்ணீர் தெளித்து ஈரமாக்கு. ஃபெவிகாலைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு விட்டு, அப்புறம் சொட்டுச் சொட்டாக விடு. சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நிற்கும், நீ தொட்டதும் ஜல்லியோடு உருளும்.

குரங்குகளை நான் செய்துவிட்டேன். எதிர்பார்க்கவில்லை, இல்லையா? உட்கார்ந்த குரங்கு அரை மீட்டர் உயரம் என்று வைத்தால் உன் கணக்கில் 6 மில்லிமீட்டர்கூட வராது, ஒரு பச்சரிசி அளவு. எம்-சீலைப் பிசைந்து, ஊசி முனையில் ஒரு சிட்டிகை எடுத்து உருட்டி, நடுவில் அழுத்தினால் தலை தனி, உடம்பு தனி. காய்வதற்குள் பின்பக்கம் பழுப்பு நூல் ஒன்றைச் செருகிவிட வேண்டும், அதுதான் வால். வால் தொங்கினால் அது கூரை விளிம்பில் உட்காரும் குரங்கு. வால் தூக்கி நின்றால் பறித்துக்கொண்டு ஓடுகிற குரங்கு. முகம் கிகம் எதுவும் போடவில்லை. இந்த அளவில் முகம் போட்டால் குரங்கு போய்க் கரும்புள்ளி ஆகிவிடுகிறது. மாடி ஜன்னல் வெளிச்சத்தில், அப்பாவின் பூதக்கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு செய்தேன். டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்புகிறேன். பிரிக்கும்போது தும்மாதே.

ஆட்களும் மாற வேண்டும். நீ வாங்கின ப்ரைசர் கம்பெனி ஆள் பொம்மைகள் எல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கின்றன. வண்ணம் பூசாத ஆட்களைப் பெட்டியாக விற்கிறார்களாமே, அதை வாங்கு. டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து, ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து இடுப்பில் சுற்றினால் புடவை மடிப்பு தானாக விழும். பெண்கள் இரண்டு பேரையாவது ஜன்னலை மூடுவது போல வை, குரங்குக்குப் பயந்து. யானை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. அங்கே யானை வருவது புதுசா என்ன? ஆனால் கடையில் ஆப்பிரிக்க யானையைக் கொடுத்துவிடுவார்கள். காது தோளை மூடினால் கத்தரித்துச் சின்னதாக்கு.

ஸ்டேஷனில் வைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பலகையை எடுத்துவிடு. அந்தப் பெருமை கிடைத்தது 2005ல். நீ கட்டுவது உன் பள்ளிக்கூட நாளை, அப்பா காக்கியில் பெட்டி மேடையில் நின்ற நாளை என்று சொன்னாய். இரண்டையும் சேர்த்து வைத்தால் எந்த நாளும் இல்லாமல் போய்விடும்.

ஹாம்பர்க்கில் எங்களைக் கூட்டிப்போய் மினியேச்சர் வுண்டர்லேண்ட் என்ற பெரிய மாடல் ரயில் காட்சியைக் காட்டினாயே. 2001ல் திறந்ததாம், விமானமெல்லாம் ஓடுகிறது, கால் மணிக்கு ஒரு தரம் பொழுது சாய்கிறது. பார்த்து வாய் பிளந்தேன், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது நீ லேப்டாப்பில் காட்டிய அந்த மனிதர்தான், இங்கிலாந்தில் பென்டன் மியூசியத்தைத் தொடங்கிய ராய் இங்கிலாண்ட். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர், கிராமத்துக் கூரை வீடுகள் மாறிக்கொண்டே போவதைப் பார்த்து, வீடு வீடாக அளந்து குறித்து, அதே மாதிரி சின்னதாகச் செய்து வைத்தார். அவர் ஊரைச் சேர்ந்தவரே இல்லை, அதனால்தான் அளக்கத் தோன்றியிருக்கிறது. நீ இங்கேயே வளர்ந்தவன், எல்லாம் தெரியும் என்று அளக்காமல் விட்டுவிட்டாய். பாதை திறந்ததும் அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். பிளாட்பார அகலம், கூரைத் தகரத்தின் மடிப்பு, பெஞ்சு உயரம் எல்லாம் குறித்து அனுப்புவார். அதுவரை ஸ்டேஷன் கட்டடத்தில் கை வைக்காதே.

பார்சலில் மண் அனுப்ப நினைத்தேன். வெளிநாட்டு மண்ணை உள்ளே விடமாட்டார்கள் என்று நீ முன்பே சொன்னது ஞாபகம் வந்தது. செங்கல்லைப் பொடி செய்துகொள், மண்சரிந்த இடத்துக்கு அது போதும். டீத்தூள் இரண்டு கிலோ வருகிறது. முதலில் குடி. குடித்த சக்கையை ஓவன் அடுப்பில் நன்றாகக் காயவைத்துச் சலித்தால் காட்டுத் தரைக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், சொல்லிவிட்டேன்.

கோடை வந்ததும் சுவிட்சர்லாந்து போய் ஃபுர்கா நீராவி வண்டியைப் பார்த்துவிட்டு வா. நீ வாங்கி வண்ணம் மாற்றி வைத்திருக்கிற எஞ்சினின் நிஜம் அங்கேதான் ஓடுகிறது. நம்ம எஞ்சின் பிறந்த வின்டர்தூர் தொழிற்சாலையிலேயே 1913ல் செய்தது. அந்தக் கூட்டத்தில் சில வியட்நாமுக்குப் போய் உழைத்துவிட்டு 1990ல் ஊர் திரும்பின. நாலு சிலிண்டர், இரண்டு சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு, எல்லாம் நம்மது போலவே. ஆனால் அதற்கு ஓட்டுச் சக்கரம் ஆறு, நம்மதுக்கு எட்டு. பெயின்ட் அடித்தால் மட்டும் மறையாது என்று அப்பா சொல்கிறார். சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்பு, அவர் கேட்க வேண்டுமாம்.

சுதாவுக்கு என் அன்பு. குட்டிக்கு முத்தம். கழுத்தைக் குனிந்துகொண்டே வேலை செய்யாதே, நடுநடுவே எழுந்து நட.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அப்பா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறார். ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கட்டாயம் வேண்டும், கை பிரேக் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். எல்லாருக்கும் முன்னால் நிற்பவன் கையில் பச்சைக் கொடி கொடு. சிவப்பைக் கொடுத்துவிட்டு எஞ்சினை ஓட விட்டால் அவர் அங்கே வந்து உன்னைக் கேள்வி கேட்பாராம்.