அந்த ஊக்குக்கு நன்றி

போன வியாழன் மாலை, சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் என் செருப்பு வார் அறுந்தபோது, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்த அக்காவுக்கு இந்தப் பதிவு. அவசரத்தில் பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

ஆங்கிலேயரின் பழைய இடுகாடு அங்கேதான் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் கல்லறைகளின் மறைவில் இருந்துகொண்டு புனித ஜார்ஜ் கோட்டையைத் தாக்கினார்கள். அப்புறம் ஆங்கிலேயர் அவற்றை இடித்துவிட்டார்கள். கல்வெட்டுப் பலகைகள் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தன. தப்பியவற்றில் ஒன்று, கவர்னர் எலிஹு யேலின் சின்ன மகன் டேவிட் துயிலும் ஊசிக்கோபுரம். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான். அதே கல்லறையில் ஜோசப் ஹின்மர்ஸும் இருக்கிறார். யேல் மனைவியின் முதல் கணவர். (என்ன ஒரு குடும்பம்!)

பேய் உலவும் இடம் என்று நண்பர்கள் ஏற்றிவிட்டிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரம், ஒற்றைச் செருப்போடு நான் நின்ற கோலத்தைப் பார்த்து அக்கா சிரித்தார்.

"பேயா? தினமும் பெருக்கறேன் தம்பி, கொசுதான் கடிக்குது."

சொல்லிவிட்டு, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட் வரை கூடவே வந்தார். ஊக்கு இன்னும் செருப்பில்தான் இருக்கிறது, அக்கா.