உன் பிரஷரைப் பற்றி

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகனுக்கு,

உனக்குப் பிரஷர் 150க்கு 95 என்று கேட்டதிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. உப்பையும் கருவாட்டையும் குறைக்கச் சொன்னது சரி, குளிசையையும் ஒழுங்காகப் போடு. ஆனால் நீ பேச்சோடு பேச்சாகச் சொன்ன மற்றதுதான் மனதை விட்டுப் போகவில்லை. நீ வேலை பழக்கிவிட்ட பெடியன் உனக்கே மேலாளராக வந்திட்டான். கூட்டத்தில் நீ வாய் திறந்தால் உன் இங்கிலிசைச் சொல்லிக்காட்டிச் சிரிக்கிறார்கள். “அது பழகிப்போச்சு அம்மா” என்றாய். உடம்புக்கு அது பழகுவதில்லை, ராசா.

1995இல் அமெரிக்காவின் டெட்ராயிட்டில் டேவிட் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைத்தான் ஆட்களிடம் கேட்டார்கள்: மரியாதை குறைவாக நடத்துகிறார்களா, அறிவில்லாதவர் என்று நினைக்கிறார்களா என்று. கறுப்பினத்தவரின் உடல்நலம் குறைந்திருந்ததற்கு வருமானமும் படிப்பும் பெரிய காரணம். அதைக் கழித்துப் பார்த்த பிறகும் அன்றாட அவமதிப்பின் பாதிப்பு மிஞ்சியது. அங்கே பட்டம் பெற்ற கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள், பள்ளிப்படிப்பை முடிக்காத வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகளைவிடக் கூடுதலாக இறக்கின்றன. சம்பளமும் சொந்த வீடும் இருக்கிறதென்று நீ அசட்டையாக இருந்துவிடாதே.

அவமானப்படும்போது உடம்பு சண்டைக்கு ஆயத்தமாகிறது. கோர்ட்டிசோல், அட்ரினலின் என்ற ஹோர்மோன்கள் சுரந்து பிரஷரையும் சீனியையும் ஏற்றும். ஒருநாள் என்றால் இறங்கிவிடும். நாளைக்கு என்ன சொல்வார்களோ என்று இரவெல்லாம் யோசித்துக் கிடந்தால் இறங்க நேரம் ஏது?

இது வெள்ளைக்காரரிடம் மட்டும் உள்ள குணமும் இல்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதி ஆட்களை விடாமல் மறித்து நின்றது எங்கட சனம்தான். தேத்தண்ணிக் கடையில் அவர்களுக்குத் தனிப் பேணி வைத்ததும் நாங்கள்தான். நான் நேர்சாக இருந்த காலத்தில், கிளினிக்குக்குப் பிந்தி வந்த ஒரு கூலித் தொழிலாளியை எல்லாருக்கும் முன்னால் சாதி தொனிக்க ஏசினார்கள். மனுசன் கொப்பியை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் போனார். அடுத்த மாதம் மருந்தெடுக்க வரவில்லை. பிறகு பாரிசவாதத்தோடுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று ஏசியதற்கும் அந்த நோய்க்கும் தொடர்பில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

அடுத்த முறை டொக்டரிடம் வேலையிடத்துக் கதையையும் விடாமல் சொல்லு. நடந்ததைத் திகதி போட்டு எழுதி வை, யூனியன்காரரிடம் காட்டு. பிள்ளையிடம், அதுதான் என் மருமகளிடம், எதையும் மறைக்காதே. வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி, காலையும் மாலையும் பார்த்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா