என் அட்டவணையை நம்பி முடிவெடுப்பவர்களுக்கு

மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமைப்புகளின் மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் நிதி தந்த திட்டங்களிலிருந்து எத்தனை கட்டுரைகள் வந்தன, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எக்செல்லில் தொகுத்துத் தருவதுதான் என் வேலை. நீங்கள் கடைசிக் கட்டத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த திட்டத்துக்குப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் ஒருவர் உங்கள் அமைப்பின் பெயரை முழுதாக எழுதுவார், இன்னொருவர் சுருக்குவார், மூன்றாமவர் மானிய எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுவிடுவார். ஒரே கட்டுரையில் நான்கு மானிய எண்கள் இருந்தால் நான்கு திட்டங்களும் அதைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். நாங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பிரிக்கிறோம். அப்படியும் சில தப்பிவிடும்.

சரி, எண்ணிக்கையில் பிழையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை 1998இல் லான்செட் இதழில் வந்தது. ஆய்வில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் மறுத்து எழுதியவர்களும் அதைக் குறிப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? மேற்கோள் ஏறிக்கொண்டே போனது. இன்னொரு பக்கம், புரதத்தை அளக்கும் முறையைச் சொன்ன உயிர்வேதியியலாளர் லோரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். ஆய்வுக்கூடத்தில் தினமும் தேவைப்பட்ட செய்முறை அது. ஒன்று திட்டு வாங்கிய கணக்கு, மற்றது கருவியாகப் புழங்கிய கணக்கு. என் அட்டவணையில் இரண்டும் ஒரே நிறத்தில்தான் இருக்கும்.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைக் கட்டுரைக்கு மதிப்பெண்ணாகப் போடுவது இதைவிட மோசம். அது முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களின் சராசரி. அதில் பெரும்பங்கை ஒருசில கட்டுரைகளே கொண்டுவந்திருக்கும். அப்படிச் செய்யாதீர்கள் என்று ஆய்வுகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதற்காக 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்னது. நிறைய அமைப்புகள் கையெழுத்தும் போட்டன. எனக்கு வரும் படிவங்களில் இம்பாக்ட் ஃபேக்டர் கேட்கும் கட்டம் மட்டும் இன்னும் போகவில்லை.

எண்ணவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அரிய நோய் ஆய்வைப் புற்றுநோய் ஆய்வோடு ஒப்பிடாமல், அதே துறையில் அதே ஆண்டில் வந்தவற்றோடு ஒப்பிடுங்கள். சிகிச்சை வழிகாட்டி நெறிமுறைகள் எந்தக் கட்டுரையைச் சுட்டுகின்றன என்றும் கேளுங்கள். மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதும் இடத்துக்கு அதுதான் நெருக்கம்.

அப்புறம், எனக்கு உறுத்தலாக இருக்கும் ஒன்று. மருந்து பலன் தரவில்லை என்று முடிந்து, பிரசுரமாகாமலே போன சோதனை என் அட்டவணைக்கு வருவதே இல்லை. பூஜ்யம்கூட அல்ல, அதற்கு வரிசையே கிடையாது. ஆனால் எந்தச் சோதனைக்குப் பணம் தந்தீர்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அதையும், சோதனைகளைப் பதிந்துவைக்கும் பதிவேட்டில் அவற்றுக்குத் தந்த எண்களையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த முறை அவற்றுக்கும் வரிசை போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணைக்காரன்