சிறுவர் குவாட் பைக்கின் பாகங்களைப் பூட்டிச் சோதித்த பிறகே ஒப்படைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெங்களூரு அல்சூரில் வசிப்பவன். தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நான்கு பருத்த டயர்களும் மோட்டார் சைக்கிளைப் போன்ற ஹேண்டில்பாரும் கொண்ட, பெட்ரோலில் ஓடும் சிறுவர் குவாட் பைக்குகள் எங்கள் பகுதியிலேயே மூன்று வீடுகளுக்கு வந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். ஆனேக்கல் அருகே என் மருமகனுக்குச் சொந்தமான தோப்பில் ஓட்டுவதற்காக, பதினொரு வயதுப் பேரனுக்கு என் மகள் வாங்கித் தந்த 110 சிசி வண்டியை நானே வீட்டு முற்றத்தில் வைத்துப் பாகம் பாகமாகப் பூட்டினேன். அந்த நான்கு நாள் அனுபவத்தை, இத்தகைய வண்டியை வாங்க எண்ணியிருக்கும் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இருசக்கர வண்டி ஒன்றை ஷோரூமில் வாங்கினால், அங்குள்ள மெக்கானிக் பேட்டரியை இணைத்து, எண்ணெய் அளவைப் பார்த்து, பிரேக்கைச் சரிசெய்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகே சாவி நம் கைக்கு வருகிறது. பெரியவர்கள் ஓட்டும் வண்டிக்கு இவ்வளவு கவனம் இருக்க, குழந்தை ஓட்டும் வண்டியோ இரும்புச் சட்டத்தில் கட்டப்பட்டு, சக்கரங்கள், ஹேண்டில்பார், முன்பக்க ஷாக் அப்சார்பர்கள், பம்பர், பேட்டரி எல்லாம் தனித்தனியாகக் கழற்றிய நிலையில், பார்சல் லாரியிலிருந்து வாசலில் இறக்கிவைக்கப்படுகிறது. கூடவே வந்த கையேட்டில் பெரும்பகுதி சீன மொழியில் இருந்தது. மீதியிருந்த ஆங்கில வரிகளிலிருந்து எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. விற்பனையாளரைத் தொலைபேசியில் கேட்டபோது, “சக்கரத்தையும் ஹேண்டிலையும் மாட்டினால் போதும் சார், அரை மணி நேர வேலை” என்றார்.

முன்சக்கரத்தின் நடுவே இருக்கும் பெரிய நட்டு, கோட்டை மதிலைப் போல வெட்டுகள் கொண்டது. அந்த வெட்டு வழியாக ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி, அதன் இரு கால்களையும் விரித்து மடக்கிவிட்டால்தான் நட்டு தானாகத் திரும்பிக் கழன்றுவிடாமல் நிற்கும். நான்கு சக்கரங்களுக்கும் நான்கு பின்கள் இருக்க வேண்டிய பொட்டலத்தில் மூன்றே இருந்தன. இடது முன்சக்கரத்துக்குரிய பின்னை ஜே.சி. ரோட்டில் சில ரூபாய்க்கு வாங்கிவிட்டேன் என்பது வேறு விஷயம். அப்படியொரு பின் அங்கே இருக்க வேண்டும் என்று தெரியாத ஒருவர், நட்டை மட்டும் நன்றாக இறுக்கிவிட்டுப் பிள்ளையை ஏற்றி உட்கார வைத்திருந்தால், சக்கரம் எந்த மேட்டில் கழன்று ஓடியிருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து, கட்டைவிரலால் அழுத்தும் ஆக்ஸிலரேட்டர் லீவரின் கேபிளில் இருந்தது. ஹேண்டில்பாரைப் பொருத்தும்போது கேபிள் எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதைக் கையேட்டின் படம் தெளிவாகக் காட்டவில்லை. முதல் முறை நான் பொருத்தியதில், ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும் திருப்பினால் கேபிள் இழுபட்டு, கட்டைவிரல் படாமலேயே எஞ்சின் வேகம் எடுத்தது. வளைவில் திரும்பும் பையன் வேகத்தைக் குறைக்க விரும்பும் அதே நொடியில் வண்டி முன்னே பாயும் என்பதுதான் இதன் பொருள். ஆகவே எஞ்சினை இயக்கும் முன்பே ஹேண்டிலை இரு கோடிகளுக்கும் திருப்பிப் பார்த்து, இரண்டு நிலைகளிலும் கட்டைவிரல் லீவரை அழுத்தி விட்டால் அது ‘டக்’கென்று தன் இடத்துக்குத் திரும்புகிறதா என்று சோதிக்க வேண்டும். கேபிளைக் கழற்றி வேறு வழியாகக் கொண்டுசென்ற பின்னரே இந்தக் குறை நீங்கியது.

மறுநாள் வண்டி கிளம்ப மறுத்தது. ஸ்டார்ட்டர் சுழன்றது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் வைத்துப் பார்த்தபோது தீப்பொறி இல்லை. எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் வந்து பார்த்து, பிளக்குக்குப் பொறிக்கான மின்சாரத்தை அனுப்பும் சிடிஐ பெட்டிக்குச் செல்லும் ஒரு கம்பியைக் காட்டி, “இதை வெட்டிவிட்டால் பொறி வந்துவிடும் ஐயா” என்றார். அவர் சொன்னது தொழில்நுட்ப ரீதியில் உண்மையே. அந்தக் கம்பிதான், நிறுத்தும் சுவிட்சை அழுத்தும்போது சிடிஐயின் மின்னோட்டத்தை உடற்சட்டத்துக்குத் திருப்பிப் பொறியை நிறுத்துகிறது. அதை வெட்டிவிட்டால் வண்டி ஓடும்; ஆனால் ஹேண்டிலில் உள்ள சிவப்பு சுவிட்சும் பின்புறம் தொங்கும் பாதுகாப்புக் கயிறும் செத்துப்போகும். கூடவே நடந்துவரும் பெரியவர் சுண்டி இழுத்தால் எஞ்சின் உடனே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கயிற்றையே வைத்திருக்கிறார்கள். பழுது தேடுகிறேன் என்று குழந்தையின் உயிர்க்காப்பை வெட்டி எறியக் கூடாது என்று நான் பிடிவாதமாக மறுத்தேன். ஒவ்வோர் இணைப்பாகப் பிரித்துப் பார்த்ததில், பாதுகாப்புக் கயிற்றின் சுவிட்சுக்குச் செல்லும் கம்பி, வண்டியை இரும்புச் சட்டத்தில் கட்டியபோது நசுங்கி, உள்ளே செம்பு வெளிப்பட்டு உடற்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தை மட்டும் வெட்டி இணைத்து, உறையிட்டதும் பொறி வந்தது. சுவிட்ச், கயிறு இரண்டும் தம் வேலையைச் செய்தன.

பிறகு, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுத்துவைத்த சோக்கை விடுவித்தவுடன் எஞ்சின் அணைந்தது. இது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில் பைலட் ஜெட் என்னும் நுண்துளை அடைபட்டதன் வழக்கமான அறிகுறி. கழற்றி ஊதிச் சுத்தம் செய்ததும் சரியாயிற்று. அடுத்து, யாரும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோதே வண்டி மெல்ல நகர்ந்தது. இவ்வகை வண்டிகளில் கிளட்ச் லீவர் கிடையாது. எஞ்சின் வேகம் கூடும்போது மையவிலக்கு விசையால் கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். ஐடிலிங் வேகத்தை, அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, மிகுதியாக வைத்துவிட்டால், நின்றிருக்கும்போதே அது பிடித்துவிடுகிறது. அந்த வேகத்தை மாற்றும் திருகைச் சற்றுத் தளர்த்தினேன். காற்று பிடிக்கும் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. இந்த டயர்களுக்குத் தேவை வெறும் மூன்று முதல் ஐந்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரைதான். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் பங்க்சர் கடையில் ஸ்கூட்டருக்குப் பிடிப்பதுபோல் இருபத்தைந்து, முப்பது என்று பிடித்தால் டயர் வெடிக்கக்கூடும்.

ஆக்ஸிலரேட்டர் லீவரின் அருகே வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு திருகு ஒன்று உண்டு. எங்கள் வண்டியில் அது முழுவதுமாக வெளியே திருப்பப்பட்டிருந்தது, அதாவது முழு வேகத்துக்கும் அனுமதி. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கட்டாயமாக்கப்பட்ட தரநிலைப்படி, பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கான வண்டி மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. திருகு போட்டால் சுமார் 24-க்குள் அடங்க வேண்டும். அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்போ, பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் இவ்வண்டியை ஓட்டவே வேண்டாம் என்கிறது. இதைப் படித்த பிறகு நானும் என் மகளும் நெடுநேரம் பேசினோம். திருகை முழுதும் உள்ளே செலுத்தி, தலைக்கவசமும் கையுறையும் பூட்ஸும் போட்டு, தோப்பின் சமதளத்தில் மட்டும், கயிறு ஒரு பெரியவர் கையில் இருக்கும்போது மட்டும் என்று முடிவு செய்தோம். அதுவும் போதுமா என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

ஐம்பது சிசிக்குக் குறைவான வண்டி என்றால் தெருவிலும் ஓட்டலாம், உரிமம் தேவையில்லை என்று சில கடைகளில் கூறுகிறார்கள். இது தவறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு அளிப்பது நான்குக்குக் குறைவான சக்கரங்களும் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டிக்கே. பதினாறு வயதில் உரிமத்துடன் ஓட்டலாம் என்ற சலுகையும் 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கே உரியது. சிறுவர் சாலையில் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், அதே சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்கீழ் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு.

விற்பனையாளர்களிடம் நான் வேண்டுவது, குழந்தைகளுக்கான மோட்டார் வண்டியைத் தகுதியான மெக்கானிக் ஒருவர் முழுமையாகப் பூட்டி, பிரேக், கேபிள், பின்கள், நிறுத்தும் சுவிட்ச் ஆகியவற்றைச் சோதித்து, கையெழுத்திட்ட தாளுடன்தான் ஒப்படைக்க வேண்டும் என்பதே. கையேடு கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரியான பயன்பாட்டுக்குப் போதிய வழிமுறைகளோ எச்சரிக்கையோ தராத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. குறையுள்ள வண்டியைப் பெற்றவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். நானும் பதிவு செய்திருக்கிறேன்.

அல்சூர், மர்ஃபி டவுன், ஜீவன்பீமா நகர்ப் பகுதிகளில் எவர் வீட்டிலாவது இப்படியொரு வண்டி பார்சல் பிரிக்கப்படாமல் இருந்தால், தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்பேனர்களுடனும், கைவசம் வாங்கிவைத்திருக்கும் ஸ்பிளிட் பின்களுடனும் வந்து பூட்டித் தரத் தயாராக இருக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.