நீ கேட்ட விதை

கோபி,
ஐப்பசி மாதம்

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆச்சு. இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் பக்கம் எப்படி?

நீ ஆசையாகக் கேட்ட பக்கை (buckeye) மரத்து விதையை நான் கொண்டுவரவில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் மகள் வீட்டுத் தெருக்கோடியில் ஒரு பக்கை மரம் நிற்கிறது. நம் இலவ மரம் போலவே விரித்த கை மாதிரி ஐந்து இலை. கசக்கினால் கெட்ட வாடை. காய் வெடித்தால் உள்ளே புளியங்கொட்டை நிறத்தில், எண்ணெய் தடவினாற்போல மினுமினுக்கும் கொட்டை, அதில் வெளுத்த வட்டம் ஒன்று. மானின் கண்ணைப் போல இருப்பதால்தான் அந்தப் பெயர்; ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் ஆண் மான், ‘ஐ’ என்றால் கண். 1953இல் ஒஹாயோ இதைத் தன் மாநில மரமாக்கியது. அந்த ஊர்க்காரர்களுக்கே அதுதான் பட்டப்பெயர்.

அங்கே பூங்காவில் நிற்பது இதன் சொந்தக்கார மரம், ஹார்ஸ் செஸ்ட்நட். இதற்குப் பூர்வீகம் ஐரோப்பாவின் பால்கன் மலைகள். பெரும்பாலும் ஏழு இலை. காம்பு உதிர்ந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். குதிரை லாடம் மாதிரியே தழும்பு, ஆணி அடித்த புள்ளிகள் உட்பட! பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்த இனத்தில் இன்னும் பல உண்டு. மஞ்சள் பக்கையின் காயில் முள் கிடையாது. கலிபோர்னியாவில் இருப்பது கோடை வறட்சிக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டு நிற்கும். நம் இமயமலையிலும் ஒன்று வளர்கிறது. அங்கே கொட்டையை மாவாக்கி, தண்ணீரில் அலசி அலசிக் கசப்பைப் போக்கி, கோதுமை மாவோடு கலந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் பூங்காவில் பொறுக்கிய கொட்டையை நசுக்கிக் கிண்ணத்துத் தண்ணீரில் கலக்கினேன். நுரை பொங்கிவிட்டது! எங்கம்மா பட்டுச்சேலை அலச ஊறப்போடும் பூந்திக்கொட்டைதான் கண்முன் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, இரண்டும் ஒரே குடும்பத்து மரங்களாம். இரண்டிலும் சோப்பு போல நுரைப்பது சேபோனின் என்ற பொருள். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் நம் வீட்டுச் சொந்தத்தைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

சரி, ஏன் கொண்டுவரவில்லை? காய்ந்தால் அந்த விதை செத்துவிடும். ஈரத்தோடு மூணு நாலு மாதம் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். காங்கேயத்து வெயிலில் அதற்கு எங்கே போவது? அதைவிட, கொட்டையும் இளந்தளிரும் மாட்டுக்கு விஷம். உன் மயிலைப் பசு கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்வேலங்காயைத் தேடித் தேடிப் பொறுக்கித் தின்பதைப் பார்த்தவன் நான். அந்த மண்ணில் இதை நட எனக்கு மனசு வரவில்லை.

பதிலுக்குப் பூந்தி நாற்று இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். முழங்கால் உயரம், நல்ல வேர். கிளுவை வேலியோரம் இரண்டு குழி எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வருகிறேன். தங்கச்சியிடம் சொல்லிவிடு, கம்மஞ்சோறு இருந்தால் போதும்.

மயிலை கன்று போட்டுவிட்டதா?

அன்புடன்,
குமாரசாமி