கிறிஸ்துமஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிடு, மகளே

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்கப் பனிமய மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைத் தெருமுனைக் கடையில் அச்சடித்து வாங்கினேன். பதினொரு தாள். ஒரு வாரமாகத் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போனில் பேச உட்கார்ந்தால் ஒன்றைச் சொல்ல நினைத்து வேறொன்றைச் சொல்லிவிடுகிறேன். பேரன் நடுவில் வந்து கதை கேட்கிறான். அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி.

முதலில், போய் வாருங்கள். உன் பெரியப்பாவும் அத்தையும் வீடு தேடி வந்து, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நாற்பத்திரண்டு அடிப் படகில் உலகத்தைச் சுற்றப் போகிறாளாமே, நீ தகப்பன்தானே, தடுக்க வேண்டாமா என்று கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் சரக்குத் தோணியில் போனவன் நான்; அதில் பத்தொன்பது வருடம் தோணியை நடத்தும் தண்டலாக இருந்தேன். கடலுக்குப் போகாதே என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? பாண்டிச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் கடற்படையின் தாரிணிப் படகில் இரண்டே பேராக 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, தென் அமெரிக்காவின் தெற்கு முனையான கேப் ஹார்னைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பி வந்தார்களே, அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன். அத்தை வந்தபோது அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

திட்டத்தை நீ நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். 2027 மே மாதம் பிரிஸ்பேனை விடுவது, பவளப்பாறைத் தொடருக்கு உட்பக்கமாகவே வடக்கே ஏறி டோரஸ் நீரிணையைக் கடப்பது, டார்வினில் படகைக் கரையேற்றி அடிப்பக்கம் பார்ப்பது, அங்கிருந்து கோகோஸ் தீவுக்குச் சுமார் 2,000 கடல் மைல், கோகோஸிலிருந்து மொரீஷியஸுக்கு 2,300க்கு மேல். தென்கிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதங்கள் இவை. செங்கடல் வழியை நீங்களாகவே விட்டதில் எனக்கு நிம்மதி. 2023 நவம்பரிலிருந்து அந்தப் பக்கம் பெரிய கப்பல்கள் பட்ட பாட்டைப் பார்த்தோமே, அங்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. பனாமா கால்வாயைப் பற்றி எழுதியிருப்பதும் சரி. அங்கே கயிறு பிடிக்க நான்கு பேர் தேவைப்படும். பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காதே, ஆள் வைத்துக்கொள்.

ஏழாவது தாளில்தான் நின்றுவிட்டேன்.

அக்டோபர் நடுவில் போர்ட் லூயிஸில் படகைக் கட்டுகிறீர்கள். டிசம்பர் 22 அன்று நானும் அம்மாவும் விமானத்தில் வந்து இறங்குகிறோம். கிறிஸ்துமஸ் எல்லோரும் சேர்ந்து. 28ஆம் தேதி நாங்கள் திரும்புகிறோம், 29ஆம் தேதி நீங்கள் தென்னாப்பிரிக்காவுக்குப் பாய் விரிக்கிறீர்கள். பக்கத்தில் பேத்தி கையால் ஒரு நட்சத்திரம் வரைந்திருக்கிறாள். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தாத்தாவுக்குக் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாள். அம்மா அதை வாசித்துவிட்டு அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த டிக்கெட்டுக்கு நீ பணம் கட்டிவிட்டதாகப் போன வாரம் சொன்னாய்.

அதை ரத்து செய்துவிடு, மகளே.

காரணம் உனக்கே தெரியும். எங்களுக்காகத் தெரியாதது போல் எழுதியிருக்கிறாய். அந்தக் கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அக்டோபரில் வந்து சேர்கிறவர்கள் படகைச் சரிபார்த்து, ரீயூனியன் தீவுப் பக்கமாக இறங்கி, அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்விடுவதுதான் வழக்கம். தனியொருவராக முதலில் உலகத்தைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம் 1897இல் மொரீஷியஸில் காத்திருந்து, அக்டோபர் கடைசியில் புறப்பட்டு, நவம்பரில் டர்பன் போய்ச் சேர்ந்தார். நூற்று முப்பது வருடமாகிறது. காற்று அதே காற்றுதான். நீங்கள் மட்டும் இரண்டு மாதம் புயல் காலத்துக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு டிசம்பர் கடைசியில் கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். நாங்கள் ஒரு வாரம் வந்து தங்குவதற்காக.

அதோடு முடியவில்லை. ஆப்பிரிக்கக் கரையோரம் அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. நம் பக்கத்துத் தோணியின் வேகத்துக்கே ஓடுகிற இடங்கள் உண்டு. தென்மேற்கிலிருந்து காற்று எதிர்த்து அடித்தால் அலை குட்டையாகி, செங்குத்தாகி, சுவர் போல எழும். டர்பனுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் நடுவில் சுமார் 250 கடல் மைலுக்கு ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. அங்கே ஒவ்வொரு துறைமுகத்திலும் வானிலை பார்த்துக் காத்திருக்க வேண்டும். மூன்று நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். நீயோ ஒவ்வொரு ஊருக்கும் வருகிற தேதி, போகிற தேதி என்று இரண்டு கட்டம் போட்டு நிரப்பி வைத்திருக்கிறாய். உன் அலுவலக வேலைக்கு அது பொருந்தும். இந்தத் தாளில் அந்தக் கட்டங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஏன் என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

1996 மே 19, ஞாயிற்றுக்கிழமை. உனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். நான் கோயிலில் இல்லை. நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை வந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாய். சரக்கு இறக்கத் தாமதமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அதையே உன்னிடமும் சொல்லச் சொன்னேன். அப்பாவுக்குச் சரக்குதான் பெரிது என்று நீ பெரிய பெண்ணான பிறகும் ஒரு முறை சொன்னாய். நான் பதில் பேசவில்லை.

வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போயிருந்தோம். மே மாதம் என்றால் எங்களுக்கு அது கடைசி ஓட்டம். கச்சான் என்கிற மேல்காற்று பிடித்துவிட்டால் தோணிகளைக் கட்டிப்போட்டு, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை பார்க்கத் தொடங்கிவிடுவோம். மாலேயில் சரக்கு இறங்கி முடிந்தபோது மே 14. மேற்கே வானம் அடிப்பானை போலக் கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் கட்டியிருந்த தோணியின் தண்டல் என்னைவிட இருபது வயது மூத்தவர். கையைப் பிடித்து, "நாலு நாள் பொறுத்துப் போ தம்பி" என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன். மூன்று நாள் ஓட்டம். 15ஆம் தேதி சாயங்காலம் புறப்பட்டால் 18ஆம் தேதி வீட்டில் இருக்கலாம். மறுநாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடக்கலாம். உனக்கு வெள்ளை ஷூ வாங்கி வைத்திருந்தேன். மாலேக் கடைத்தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கியது. முன்பக்கம் சின்ன நாடாப் பூ வைத்திருக்கும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அறையின் மேற்கூரை விட்டத்தில் தொங்கவிட்டேன்.

புறப்பட்டோம், ஒன்பது பேர்.

சரக்கில்லாத தோணி தேங்காய் நெற்று போல ஆடும். இரண்டாம் இரவு கச்சான் இறங்கிவிட்டது. ஆட்டத்தில் டீசல் தொட்டியின் அடியில் கிடந்த வண்டல் கலங்கி எழும்பி வடிகட்டியை அடைத்தது. எஞ்சின் இருமியது, நின்றது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே கறுப்பாக, கூழ் போல, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்துப் போட்டேன். பத்து நிமிடம் ஓடியது. மறுபடி அடைத்தது. எத்தனை முறை கழற்றினேன் என்று நினைவில்லை. மேலே பெரிய பாய் தலைப்பிலிருந்து அடி வரை கிழிந்த சத்தம் எஞ்சின் அறைக்குள் கேட்டது. ஏறிப் பார்ப்பதற்குள் ஒரு அலை பக்கவாட்டில் ஏறி, சமையல் வேலை பார்த்த பதினேழு வயதுப் பையனை விளிம்புக்கு அடித்துக்கொண்டு போயிருந்தது. கால் கயிற்றில் சிக்கியதால்தான் அவன் கடலுக்குள் போகவில்லை. கயிறு அவன் உயிரைப் பிடித்து வைத்துவிட்டு முழங்காலை எடுத்துக்கொண்டது.

உனக்கு அவனைத் தெரியும். நம் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பவன்தான். ஏன் இடது காலைச் சாய்த்து நடக்கிறார் என்று சின்ன வயதில் என்னிடம் கேட்டாய்.

இரண்டு நாள் தார்ப்பாயை விரித்துக் கட்டிக் காற்று போன போக்கில் போய், அது தணிந்த பிறகு எஞ்சினைச் சரிசெய்து கரை சேர்ந்தோம். ஷூவை எடுத்துப் பார்த்தேன். பைக்குள் கடல் நீர் புகுந்து, தோல் விறைத்து, நாடாப் பூவைச் சுற்றி உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. உன்னிடம் காட்ட மனம் வரவில்லை. காட்டினால் நடந்ததைச் சொல்ல வேண்டும். உன் புதுநன்மைத் தேதிக்காகத்தான் ஒன்பது பேரைக் கடலில் இறக்கினேன் என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அன்று உன்மேல் ஒரு தவறும் இல்லை. தேதி வைத்தது கோயில். அதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டவன் நான்.

பத்து வயதுக்குள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ அந்தக் கணக்கைப் போடக் கூடாது. துறைமுகத்தில் தாத்தாவும் பாட்டியும் காத்திருக்கிறார்கள் என்றால், அல்லது அவர்களை அனுப்பிவிட்டு மறுநாளே கிளம்ப வேண்டும் என்றால், வானம் கறுத்திருப்பதைக் கண் பார்க்கும், மனம் வேறொன்று சொல்லும். இருபத்தைந்து வருட அனுபவமுள்ள கிழவர் கையைப் பிடித்துச் சொன்னாலும் காதில் ஏறாது. எனக்கு ஏறவில்லை.

ஆகவே அந்தப் பதினொரு தாளிலும் தேதிக் கட்டங்களை அழித்துவிட்டு மாதத்தை மட்டும் எழுது. அதற்குப் பக்கத்தில், காற்று ஒத்து வராவிட்டால் எங்கே திரும்புவது என்று ஒரு கட்டம் போடு. உன் திட்டத்தில் திரும்புகிற இடம் என்று எங்கேயும் இல்லை. டார்வினை அடையவே செப்டம்பர் முடிந்துவிட்டால் இந்தியப் பெருங்கடலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடு. பிள்ளைகளின் பள்ளி ஒரு வருடம் பிந்தினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இனி நீ கேட்ட சில்லறை விஷயங்கள். டீசல் தொட்டியைப் புறப்படும் முன் திறந்து அடிவரை கழுவச் சொல். படகை விற்பவர் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னாலும் கேட்காதே. வடிகட்டி இரண்டு வரிசையாக, ஒன்று அடைத்தால் மற்றொன்றுக்கு மாற்றுகிற மாதிரி வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னாரே, அது அவசியம். ஒரு டஜன் மாற்று வடிகட்டியாவது கையில் இருக்கட்டும். குடிநீர் எடுக்கிற எந்திரத்தை நம்பி தொட்டித் தண்ணீரைக் குறைக்காதே. பேரன் நன்றாக நீந்துகிறான் என்று எழுதியிருந்தாய்; நடுக்கடலில் நீச்சல் உதவாது. மேல்தளத்துக்கு ஏறும் படியில் கால் வைப்பதற்கு முன்பே இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டுகிற பழக்கம், செருப்புப் போடுவது போல யோசிக்காமல் வர வேண்டும். இப்போதிருந்தே கடற்கரையில் கட்டிய படகிலேயே பழக்கு. நீயும் மாப்பிள்ளையும் கூடத்தான். இரவுக் காவலில் தனியாக இருக்கும்போது கயிறில்லாமல் ஒருவரும் எழுந்து நிற்கக் கூடாது. ஆபத்து அறிவிக்கும் கருவியில் நான்கு பேர் விவரமும் எங்கள் போன் எண்ணும் பதிவாகியிருக்கிறதா என்று பார். 2018இல் படகுப் பந்தயத்தில் தனியாகப் போன நம் கடற்படைக்காரர் அபிலாஷ் டோமி பாய்மரம் முறிந்து, முதுகு ஒடிந்து, தெற்குக் கடலில் அசைய முடியாமல் கிடந்தபோது, எங்கே கிடக்கிறார் என்று கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததால்தான் ஒரு பிரெஞ்சுக் கப்பல் போய் எடுத்தது. எங்களுக்கு 1996இல் ஒரு திசைகாட்டியும் டிரான்சிஸ்டரும்தான். அம்மா அந்த நான்கு நாளும் பழைய துறைமுகத்தில்தான் நின்றாளாம்.

பேத்திக்கு ஆறாமீனை, அதுதான் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை, காட்டு. இரவுக் காவலில் பக்கத்தில் உட்காரவைத்து, அது எத்தனை மணிக்கு எழும்புகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல். எனக்கு என் தகப்பனார் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்.

நாங்கள் வராமல் இருந்துவிட மாட்டோம். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். மொரீஷியஸோ கேப் டவுனோ, நீங்கள் வந்து சேர்ந்து, படகைக் கட்டி, ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு போன் செய். அன்றைக்கு டிக்கெட் எடுக்கிறேன், என்ன விலையானாலும் சரி. இப்போது கட்டிய பணத்தில் பிடித்ததுபோக எவ்வளவு வருகிறதோ வரட்டும்.

பேத்திக்குப் புதுநன்மை வழியில் ஏதாவது ஒரு துறைமுகக் கோயிலில் வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். நல்லது. எந்த ஊர், எந்த நாள் என்று முன்கூட்டி யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், பாதிரியாரிடம்கூட. அவள் கால் அளவை மட்டும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா